ஓவனில் சுட்ட முழு ஆப்பிள், அடியில் கேரமல்: ஆப்பிள் குழைகிறது, பாகு பூக்கிறது, எங்கே தவறு?

பெரம்பூர் மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பெரம்பூரில் வாடகைக்கு இருந்தபோது பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஆண்ட்டி ஒரு பீங்கான் கிண்ணத்தில் முழு ஆப்பிளைச் சுட்டு, நடுவில் முந்திரியும் உலர்திராட்சையும் அடைத்து, சூடு ஆறுவதற்குள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். ருசி சரியாக நினைவில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தின் அடியில் நீல நிறத்தில் ஒரு பூ வரைந்திருக்கும், ஆப்பிளைச் சாப்பிட்டு முடித்ததும் தேங்கியிருக்கும் பழுப்புக் கேரமல் வழியாக அந்தப் பூ தெரியும், அதைப் பார்ப்பதற்காகவே வேகமாகச் சாப்பிடுவேன். பிறகு அவர்கள் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், தொடர்பும் விட்டுப்போயிற்று.

வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு 70 முடிகிறது. என்ன செய்து தரட்டும் என்று கேட்டால் பாயசமோ பாதாம் அல்வாவோ சொல்வார் என்று நினைத்தேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு "அந்த ஆண்ட்டி கொடுப்பாங்களே, அந்த ஆப்பிள்" என்றார்.

இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன். முதல் தடவை, கடையில் பளபளவென்று அடர் சிவப்பில் இருந்த வெளிநாட்டு ஆப்பிளை வாங்கி, ஓ.டி.ஜி.யில் (மேசை மேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) 200 டிகிரியில் ஃபாயில் போட்டு மூடி 50 நிமிடம் வைத்தேன். தோல் வெடித்து உள்ளே எல்லாம் குழந்தைக்குக் கொடுக்கும் கூழ் மாதிரி ஆகிவிட்டது. கேரமலுக்குச் சர்க்கரையை நான்ஸ்டிக் கடாயில் போட்டுக் கைவிடாமல் கிளறினேன், வெள்ளைக் கட்டியாகப் பூத்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி காய்ச்சி ஆப்பிள் மேல் ஊற்றி ஓவனில் வைத்தேன். ஊற்றியவுடன் கல் மாதிரி இறுகியது, வெளியே எடுக்கும்போது ரசம் மாதிரி நீர்த்துக் கிடந்தது.

இரண்டாம் தடவை ஆப்பிளைத் தனியாகச் சுட்டு, கேரமலில் வெண்ணெயும் ஃப்ரெஷ் கிரீமும் சேர்த்து சாஸாகச் செய்து மேலே ஊற்றினேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. அப்பா முழுவதும் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார், அப்புறம் மெதுவாக "ஆனா இது அது இல்லம்மா" என்றார். ஆப்பிள் அப்போதும் கொஞ்சம் குழைந்துதான் இருந்தது.

எந்த ஆப்பிள் வாங்க வேண்டும், கேரமலை எப்படிக் காய்ச்ச வேண்டும், தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிறு வரை ஐந்து நாள் இருக்கிறது.


மயிலாப்பூர் சமையற்கட்டு எழுதியது:

முதலில் ஆப்பிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். நீங்கள் வாங்கியது ரெட் டெலிஷியஸ். அது பச்சையாகக் கடித்துச் சாப்பிடுவதற்கான பழம். தோல் தடிமன், புளிப்பு குறைவு, சூடு பட்டால் சதை நிற்காது. எந்தக் கை சுட்டாலும் அது கூழாகத்தான் ஆகும், உங்கள் மேல் தவறில்லை.

சுடுவதற்குப் பச்சை நிறத்தில் இருக்கும் கிரானி ஸ்மித்தான் சரி. 1868-இல் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த மரத்திலிருந்து வந்த பழம், அதனால்தான் அந்தப் பெயர். புளிப்பு நன்றாக இருக்கும், வெந்தாலும் உருவம் மாறாது. சென்னையில் பெரிய பழக்கடைகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது, கோயம்பேட்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், போன வாரம் நான் எங்கள் பக்கத்துக் கடையில் கிலோ 280 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கைந்து பேர் என்றால் ஒரு கிலோ போதும், ஆறு பழம் நிற்கும்.

ஆனால் உங்கள் ஆண்ட்டி அந்தக் காலத்தில் பெரம்பூரில் பச்சை ஆப்பிள் வாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இமாச்சல் ஆப்பிளோ காஷ்மீர் ஆப்பிளோதான் வாங்கியிருப்பார். இமாச்சலில் கோட்கரில் 1916-இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் டெலிஷியஸ் வகைக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார், பின்னாளில் சத்யானந்த் ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர். அங்கிருந்து பரவியதுதான் இமாச்சல் ஆப்பிளில் பெரும்பகுதி. அதுவும் டெலிஷியஸ் குடும்பம்தான் என்றாலும், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை புதிதாகப் பறித்து வருவது கெட்டியாக இருக்கும். மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்ததுதான் மாவு மாதிரி ஆகியிருக்கும். கையில் எடுத்தால் கனமாக, விரலால் அழுத்தினால் கொஞ்சமும் அமுங்காமல் இருப்பதாக, நடுத்தர அளவில் பாருங்கள். இந்த வகைக்கு எலுமிச்சைச் சாறு கட்டாயம். உள்ளே அடைக்கும் கலவையில் ஒரு பழத்துக்கு அரை டீஸ்பூன் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேரமலோடு சேரும்போது இனிப்பு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் செய்முறை. பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மேலே மெழுகு இருக்கும். காம்புப் பக்கத்திலிருந்து சிறிய கத்தியால் வட்டமாகக் குத்தி, டீஸ்பூனால் விதைப்பகுதியைச் சுரண்டி எடுங்கள். அடிவரை துளைத்துவிடக் கூடாது, ஒரு விரல் கனம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே வைக்கும் வெண்ணெய் எல்லாம் ஒழுகிவிடும். பிறகு பழத்தின் இடுப்பைச் சுற்றிக் கத்தி நுனியால் தோல் மட்டும் கீறும்படி ஒரு கோடு போடுங்கள். உங்களுக்குத் தோல் வெடித்தது இந்தக் கோடு இல்லாததால்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி வேண்டும். உடைத்த முந்திரி, உலர்திராட்சை, ஒரு டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, சிட்டிகை பட்டைத்தூள், எலுமிச்சைச் சாறு எல்லாம் பிசறி அடைத்து, மேலே சுண்டைக்காய் அளவு வெண்ணெய். திராட்சை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கருகிக் கசக்கும், உள்ளே தள்ளிவிடுங்கள்.

தட்டில் கால் டம்ளர் தண்ணீர். ஃபாயில் வேண்டவே வேண்டாம், மூடினால் அது சுடுவது இல்லை, அவிப்பது. 180 டிகிரி, 35 நிமிடம். 20-ஆம் நிமிடத்தில் ஒருமுறை, 30-ஆம் நிமிடத்தில் ஒருமுறை தட்டில் இறங்கியிருக்கும் சாற்றை ஸ்பூனால் எடுத்துப் பழத்தின் மேல் ஊற்றுங்கள். பல்குச்சியால் குத்தினால் வெந்த உருளைக்கிழங்கில் இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். அந்தப் பதத்தில் வெளியே எடுத்தால் மிச்சம் தன் சூட்டிலேயே பத்து நிமிடத்தில் வெந்துவிடும். உள்ளேயே முழுக்க வேகட்டும் என்று காத்திருந்தால் மேசைக்கு வரும்போது குழைந்திருக்கும்.


பாகு பதம் எழுதியது:

நான் இருபது வருடமாக வீட்டிலிருந்தே தீபாவளிக்குப் பலகாரம் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். கேரமல் என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது நம் பாகுதான், நாம் நிறுத்துகிற இடத்தைத் தாண்டிப் போகிறோம், அவ்வளவுதான். கம்பிப் பதம், உருட்டுப் பதம், கடலைமிட்டாய்க்குத் தண்ணீரில் விட்டால் டக்கென்று உடையும் பதம், அதற்கும் அடுத்த பதம்தான் நிறம் மாறும் பதம்.

பாகு பூப்பது ஏன் என்று தெரிந்தால் போதும். சர்க்கரை கரைந்த பிறகு அதில் ஒரே ஒரு கரையாத மணி இருந்தாலும் மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி படிகமாகும். கரண்டியால் கிளறும்போது ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த சர்க்கரையை நாமே உள்ளே தள்ளிவிடுகிறோம். அதனால் கரைந்து கொதி வந்த பிறகு கரண்டியே போடக் கூடாது. பாத்திரத்தின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஓரத்தில் ஒட்டியிருப்பதை ஈரத் துணியாலோ பிரஷாலோ துடைத்து இறக்க வேண்டும். ஆரம்பத்திலேயே சில துளி எலுமிச்சைச் சாறு விட வேண்டும், ஜாமூன் பாகுக்கு விடுகிறோமே அதே காரணம்தான், புளிப்பு பட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரிந்துவிடும், அப்புறம் படிகமாவது கடினம்.

நான்ஸ்டிக் வேண்டாம், கறுப்புப் பாத்திரத்தில் நிறம் தெரியாது. அடிகனமான எவர்சில்வர் எடுங்கள். 150 கிராம் சர்க்கரை, மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர், கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, மிதமான தீ. 160 டிகிரிக்கு மேல் மஞ்சள் தட்டும். அதிலிருந்து எல்லாம் வேகமாக நடக்கும், போன் மணி அடித்தாலும் நகரக் கூடாது. தேன் நிறத்தில் நிறுத்தினால் வெறும் இனிப்பு. ஃபில்டர் காபி டிகாக்‌ஷனைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பிடித்தால் விளிம்பில் ஒரு சிவப்புப் பழுப்பு தெரியுமே, அந்த நிறம் வர வேண்டும், லேசாகப் புகை எழும்போது தீயை அணைத்துவிட வேண்டும். அந்த மெல்லிய கசப்புதான் கேரமலுக்கு உயிர்.

இப்போது உங்கள் அப்பா சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடிபட்டது அந்த நீலப் பூதான். கேரமல் வழியாகப் பூ தெரிந்தது என்றால் அதில் கிரீமும் இல்லை, பாலும் இல்லை. பால் பொருள் சேர்ந்தால் கலங்கிவிடும், பூ தெரியாது. அது தெளிவான கேரமல். வெண்ணெய்கூட மிகக் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். அந்த ஆண்ட்டி காய்ச்சிய சர்க்கரையில் ஆப்பிள் சுட்ட தட்டில் இறங்கிய சாற்றையே ஊற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்வேன். அந்தச் சாற்றில் ஆப்பிளின் புளிப்பு இருக்கிறது, ஜாமை இறுக வைக்கிற பெக்டின் இருக்கிறது, பட்டை வாசனை இருக்கிறது, அதை வீணாக்கிவிட்டுக் கிரீம் வாங்கி ஊற்றுவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம்.

அதனால் ஆப்பிளை முதலில் சுட்டு எடுங்கள். தட்டில் உள்ள சாற்றை வடிகட்டுங்கள், அரை டம்ளருக்குக் குறைந்தால் வெந்நீர் சேர்த்து அரை டம்ளராக்குங்கள், கொதிக்கும் சூட்டில் தயாராக வையுங்கள். சர்க்கரை டிகாக்‌ஷன் நிறம் வந்து தீயை அணைத்ததும் அந்தச் சூடான சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கையில் நீளமான துணி சுற்றிக்கொள்ளுங்கள். காய்ந்த எண்ணெய் பட்டால் வழிந்துவிடும், சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு பொசுக்கும், பிள்ளைகளை அடுக்களைக்குள் விடாதீர்கள், பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் இருக்கட்டும். கட்டி பிடித்தால் பதற வேண்டாம், சிறு தீயில் ஒரு நிமிடம் வைத்தால் கரைந்துவிடும். சூட்டில் கொஞ்சம் நீர்க்க இருக்க வேண்டும், ஆறினால் தேன் மாதிரி ஆகும். கடைசியில் இரண்டு சிட்டிகை உப்பு.

கேரமலை ஆப்பிள் மேல் ஊற்றி ஓவனில் வைத்ததுதான் முதல் தடவை நீர்த்ததற்குக் காரணம். ஆப்பிளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான், அது இறங்கி உங்கள் கேரமலைக் கரைத்துவிட்டது.


அம்பத்தூர் ஓ.டி.ஜி. எழுதியது:

மேலே இருவரும் சொன்னதோடு ஓவன் பற்றி இரண்டு விஷயம். ஓ.டி.ஜி.யில் குமிழியில் 200 என்று வைத்தால் உள்ளே 200 இருக்கும் என்று நம்பாதீர்கள். சிறிய ஓவன்களில் 20, 30 டிகிரி ஏற இறங்க இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், எனக்குக் கேக்கும் பிரெட்டும் சரியாக வர ஆரம்பித்தது அதை வாங்கிய பிறகுதான். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், தட்டு நடுவில் இருக்கட்டும், பதினைந்து நிமிடம் முன்சூடு. மேல் கம்பிக்கு மிக அருகில் வைத்தால் தோல் கருகும், உள்ளே வேகாது.

இன்னொன்று முக்கியம். ஓ.டி.ஜி. பெரும்பாலும் 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஏ.சி., கீசர் போடும் பெரிய பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். நான் பழைய வீட்டில் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டிப் பிளக்கே உருகிப்போனது. விருந்தினர் வரும் நாளில் அது வேண்டாம்.


தூத்துக்குடி டூ வேளச்சேரி எழுதியது:

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. அடிகனமான அலுமினியச் சட்டியில் இரண்டு கை கல்லுப்பு பரப்பி, நடுவில் ஸ்டாண்ட் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்கி, அதற்குள் எவர்சில்வர் தட்டில் ஆப்பிளை வைத்து மிதமான தீயில் 40 நிமிடம் சுடுவேன். நன்றாக வரும், மேலே நிறம் மட்டும் குறைவாக இருக்கும்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதை வெள்ளைச் சர்க்கரை மாதிரி காய்ச்சி நிறம் மாற்ற முடியாது, சீக்கிரம் அடிபிடித்துக் கருகிவிடும், ஏற்கெனவே பனையோலைக் குடிசையில் காய்ச்சி வந்ததுதானே. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, இரண்டு கொதி விட்டு, வெண்ணெய் சேர்த்தால் போதும். இஞ்சிச் சாறு இரண்டு துளி விட்டால் இன்னும் நன்றாக இருக்கும். இது வேறு பலகாரம் என்று எனக்கும் தெரியும், உங்கள் அப்பாவுக்கு இது வேண்டாம், மற்றவர்கள் செய்து பார்க்கட்டும்.


மயிலாப்பூர் சமையற்கட்டு எழுதியது:

கருப்பட்டி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஓவன் வைத்திருப்பவர்கள் தார்ட் தத்தான் என்ற பிரெஞ்சு ஆப்பிள் பலகாரத்தையும் ஒருமுறை செய்து பாருங்கள். பிரான்ஸில் லமோத் பெவ்ரோன் என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தத்தான் சகோதரிகள் நடத்திய விடுதியால் பெயர் பெற்றது. கனமான வாணலியில் சர்க்கரையும் வெண்ணெயும் கேரமலாகி வரும்போது நான்காக வெட்டிய ஆப்பிளை அடுக்கி, அடுப்பிலேயே 20 நிமிடம் வைத்துத் தண்ணீரை வற்றவிட்டு, மேலே மைதா மாவுத் தகடு மூடி ஓவனில் சுட்டு, கடைசியில் தட்டில் கவிழ்ப்பார்கள். அடுப்பில் தண்ணீரை வற்றவிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்த மாவுதான் சிரமம், வெண்ணெய் 30 டிகிரியிலேயே இளகிவிடும், உருட்டிய தகட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்துத்தான் மூட வேண்டும்.


பெரம்பூர் மகள் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று வியாழன், இரண்டே இரண்டு பழம் வைத்துச் சோதித்துப் பார்த்தேன், ஒன்று பச்சை ஆப்பிள், ஒன்று இமாச்சல் ஆப்பிள். இடுப்பில் கோடு போட்டதும் இரண்டும் வெடிக்கவில்லை. பச்சை ஆப்பிள் அழகாக நின்றது. இமாச்சல் ஆப்பிள் கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் வாசனை அதில்தான் அதிகம்.

கேரமல் முதல் தடவை தேன் நிறத்திலேயே பயந்து நிறுத்திவிட்டேன், இனிப்பு மட்டும்தான். பால்கனியில் காபி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து இரண்டாம் தடவை காய்ச்சினேன். சாற்றை ஊற்றியதும் அடுக்களை முழுக்க ஒரு வாசனை வந்தது, எனக்கு ருசி நினைவில்லை என்று எழுதினேன் இல்லையா, அந்த வாசனை நினைவிருந்தது. அப்பா அப்போது கோயிலுக்குப் போயிருந்தார், ஞாயிறு வரை அவரிடம் காட்டப் போவதில்லை. எங்கள் வீட்டில் பூப்போட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கிறது, அதில் ஊற்றிப் பார்த்தேன், பூ தெரிகிறது. பாகு பதம் அக்காவுக்குத் தனியாக நன்றி.

கடைசியாக ஒரு கேள்வி. ஞாயிறு மதியம் 14 பேர் வருகிறார்கள். என் ஓவனில் ஒரே நேரத்தில் ஆறுதான் வைக்க முடியும். எல்லோருக்கும் சூடாக எப்படிக் கொடுப்பது? கேரமலை முதல் நாளே செய்து வைக்கலாமா?


பாகு பதம் எழுதியது:

செய்து வைக்கலாம். ஆனால் சாறு வேண்டுமே, அதனால் சனிக்கிழமை இரவு முதல் ஆறு ஆப்பிளைச் சுட்டுவிடுங்கள், மற்றதை விட ஐந்து நிமிடம் குறைவாக. அந்தச் சாற்றில் கேரமலைக் காய்ச்சுங்கள், 14 பேருக்கு நான் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகம், திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும், ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடுங்கள். மறுநாள் பாட்டிலை வெந்நீரில் நிற்க வைத்தால் இளகிவிடும். சுட்ட ஆப்பிள் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை இரண்டாவது ஆறு, பிறகு மிச்சம் இரண்டு. சாப்பாடு முடியும் நேரத்தில் முதல் பன்னிரண்டையும் இரண்டு தடவையாக 150 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். அப்பாவுக்கு மட்டும் கடைசியாகச் சுட்ட இரண்டில் ஒன்றை நேராக எடுத்து வையுங்கள், சூடு காட்டியதும் புதிதாகச் சுட்டதும் ஒன்றல்ல. கிண்ணங்களை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள், பீங்கான் குளிர்ந்திருந்தால் கேரமல் ஊற்றியவுடனே அடியில் இறுகிவிடும், பூ தெரிந்தாலும் ஸ்பூனில் வராது.